இணையத்தில் மருந்து விற்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?



இந்த வாரம் மன்றத்தில் நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு இணையத்தில் மருந்து விற்பனை. தலைப்பை அறிவித்ததும் வாங்கி ஏமாந்தவர்கள் மட்டுமல்ல, விற்பவர்களும் நிறையக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். வீட்டிலிருந்தபடி முகநூல் நேரலையில் முகப்பூச்சு விற்கும் சகோதரிகள், புலனக் குழுவில் மூட்டுவலி மாத்திரைக்கு ஆர்டர் எடுப்பவர்கள், பிள்ளைகளின் டியூஷன் செலவுக்கு ஆகட்டுமே என்று சத்து மாத்திரைகளுக்கு ஏஜெண்டாகச் சேர்ந்தவர்கள். கெட்ட எண்ணத்தோடு இதில் இறங்கியவர்கள் குறைவு. ஆனால் தங்கள் வரவேற்பறையில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளுக்காக 25,000 ரிங்கிட் அபராதமோ சிறையோ வரலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அதனால் இன்று வாங்குபவரைவிட விற்பவரிடம் கொஞ்சம் அதிகமாகப் பேசப்போகிறேன்.

முதல் கேள்வி ஓர் அக்காவுடையது. "தம்பி, எனக்குக் கடையே இல்லை. லைசென்ஸ் எல்லாம் கடை வச்சிருக்கிறவங்களுக்குத்தானே?"

இல்லை அக்கா. இதை எழுதும் நாள்வரை நம் நாட்டில் இணைய மருந்தகத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. தனிச் சட்டம் இல்லை என்றால் தடையும் இல்லை என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. கடைக்கு எந்தச் சட்டமோ அதே சட்டம்தான் கைப்பேசிக்கும். அவற்றில் முக்கியமானவை மெர்டேக்காவுக்கு முன்பே பிறந்தவை: 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம், அதே 1952-ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டம், 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர மற்றும் விற்பனைச் சட்டம். இவற்றோடு மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் 1984-இல் வந்த மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள். எங்கே நின்று விற்கிறாய் என்பது இந்தச் சட்டங்களுக்குப் பெரிதல்ல. என்ன விற்கிறாய், யார் பொறுப்பில் விற்கிறாய், என்ன சொல்லி விற்கிறாய் என்ற மூன்றைத்தான் அவை கேட்கின்றன.

என்ன விற்கிறாய் என்பதிலிருந்து தொடங்குவோம்.

1984-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பதிவு செய்யப்படாத மருந்துப் பொருளைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, பிறருக்கு வழங்குவது, ஏன், கையில் வைத்திருப்பதுகூடக் குற்றம். தனிநபருக்கு முதல் முறை 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 50,000 ரிங்கிட், ஐந்தாண்டு வரை சிறை. நிறுவனம் என்றால் முதல் முறை 50,000, அடுத்த முறை 100,000 ரிங்கிட் வரை.

"நான் வெறும் ஏஜெண்ட்தான், சரக்கு நேரா கம்பெனியிலிருந்துதான் போகுது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மருந்து விற்பனைச் சட்டத்தில் 'விற்பனை' என்ற சொல்லுக்கு இருக்கும் பொருள் மிக அகலமானது. காசு கைமாறினால்தான் விற்பனை என்பதில்லை. விற்பனைக்கு என்று காட்டுவது, விற்க முன்வருவது, விற்பதற்காக அனுப்புவது எல்லாமே அதற்குள் அடங்கும். படத்தைப் போட்டு "வேண்டுபவர்கள் பி.எம். செய்யவும்" என்று எழுதுவது விற்க முன்வருவதுதானே, தம்பி?

சரி, பதிவு செய்யப்பட்ட பொருளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் எண் இருக்க வேண்டும். அதை அடுத்து எட்டு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து, சிலவற்றில் அதற்கும் பின்னால் இன்னோர் எழுத்து. எட்டு இலக்கங்களில் முதல் சில பதிவான காலத்தைக் காட்டும். அதற்குப் பின்வரும் எழுத்துதான் நாம் கவனிக்க வேண்டியது. 'ஏ' என்றால் நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வரும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 'எக்ஸ்' என்றால் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய சாதாரண மருந்து. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. 'என்' என்றால் சத்து மாத்திரை வகை. இந்தப் பதிவு முறை நம் நாட்டில் 1985-இல் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளோடு தொடங்கி, 1992-இல் பாரம்பரிய மருந்துகளுக்கும் வந்தது.

எண் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போலிக்காரர்கள் எண்ணை அச்சடிக்கத் தெரியாதவர்களா என்ன? வேறு ஏதோ ஒரு நல்ல மருந்தின் எண்ணை எடுத்துத் தங்கள் டப்பாவில் ஒட்டிவிடுகிறார்கள். எனவே பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின், அதாவது என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்துக்குப் போய் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். இலவசம்தான். அங்கே வரும் பொருளின் பெயரும், பதிவு வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரும் உங்கள் கையிலிருக்கும் பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். டப்பாவில் 'இடுப்புவலி லேகியம்' என்று இருந்து, அங்கே வைட்டமின் மாத்திரை என்று வந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. அசல் மருந்துகளில் 'ஃபார்மா டேக்' என்ற பாதுகாப்பு ஹோலோகிராம் முத்திரையும் ஒட்டியிருக்கும். முன்பு 2005 முதல் இருந்தது 'மெடி டேக்'. அதற்குப் பதிலாக வந்தது இது.

இங்கே நம் மக்களை அதிகம் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. "கே.கே.எம். லுலுஸ்" என்று, அதாவது சுகாதார அமைச்சே அங்கீகரித்தது என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் நாலைந்து முத்திரைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றில் ஒன்று 'மெஸ்டி'. அது சிறு உணவுத் தயாரிப்பாளரின் இடம் சுத்தமாகவும் முறையாகவும் இருக்கிறது என்பதற்கான சான்று. இன்னொன்று எஸ்.எஸ்.எம். எண். அது வியாபாரம் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஹலால் முத்திரை வேறு விஷயம். இவற்றில் எதுவுமே "இது மருந்து, இது வேலை செய்யும், இது பாதுகாப்பானது" என்று சொல்லவில்லை. முத்திரைகளின் எண்ணிக்கை கூடக்கூட எனக்குச் சந்தேகமும் கூடுகிறது.

முகப்பூச்சு, ஷாம்பு போன்ற அழகுசாதனங்களுக்கு வேறு எண். என்.ஓ.டி. என்று தொடங்கி ஒன்பது இலக்கங்களுக்குப் பிறகு 'கே' என்று முடியும். இது பதிவு எண் அல்ல, அறிவிக்கை எண். "இதில் இன்னின்ன இருக்கிறது, விதிகளுக்கு உட்பட்டதுதான்" என்று நிறுவனமே உறுதி கூறுகிறது. சந்தைக்கு வந்த பிறகு அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். அப்படிச் சோதித்ததில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் போன்றவை பிடிபட்டு அறிவிக்கை ரத்தாகும் முகப்பூச்சுகளின் பெயர்களை என்.பி.ஆர்.ஏ. அவ்வப்போது வெளியிடுகிறது. ஒரு வாரத்தில் முகம் பளீரென்று வெளுத்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் இறங்கினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய் பூசிய பூச்சின் பாதரசம் மடியில் கிடக்கும் குழந்தையையும் எட்டும்.

சீட்டு வேண்டிய மருந்துகள்

இப்போது இரண்டாவது கேள்வி. யார் பொறுப்பில் விற்கிறாய்?

பாரசெட்டமோல் போன்ற சாதாரண மருந்தை மளிகைக் கடையிலும் வாங்குகிறோம். பதிவு பெற்ற சத்து மாத்திரையையும் பாரம்பரிய மருந்தையும் விற்க நீங்கள் மருந்தாளராக இருக்க வேண்டியதில்லை. இவை இணையத்தில் விற்கப்படுவதில் தவறில்லை, பதிவும் விளம்பரமும் ஒழுங்காக இருக்கும்வரை.

நச்சுப்பொருள் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு வரும்போது கதவு சாத்திக்கொள்கிறது. பெயரைக் கேட்டு எலி மருந்து, பூச்சி மருந்து என்று நினைக்காதீர்கள். இரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ஆன்டிபயோட்டிக், தூக்க மாத்திரை, ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னதைத்தான் வெள்ளைக்காரன் சட்டமாக எழுதிவைத்துவிட்டுப் போனான்.

இந்த மருந்துகளைச் சில்லறையில் விற்க உரிமம் பெற்ற மருந்தாளரால் மட்டுமே முடியும். அதுவும் உரிமத்தில் குறிப்பிட்ட இடத்தில், அவருடைய நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். 'பி' பிரிவு மருந்து என்றால் மருத்துவரின் சீட்டு கட்டாயம். அந்தச் சீட்டில் மருத்துவரின் கையொப்பம், தேதி, முகவரி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, வேளைக்கு எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'சி' பிரிவு மருந்துக்குச் சீட்டு வேண்டாம். ஆனால் மருந்தாளரே உங்களிடம் பேசி, லேபிள் ஒட்டி, புத்தகத்தில் பதிந்து தர வேண்டும். ஒவ்வாமைக்கான பல மாத்திரைகள் இந்த வகை. கூடையில் போட்டுக் காசைக் கட்டினால் கூரியரில் வந்துவிடும் என்ற ஏற்பாட்டில், இந்த மேற்பார்வைக்கு இடம் எங்கே இருக்கிறது? இணையச் சந்தையில் பெயர் தெரியாத ஒருவர் ஆன்டிபயோட்டிக் அட்டையை விற்றால் அது சட்டவிரோதம் என்பதற்குக் காரணம் இதுதான்.

நம் நாட்டில் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கிளினிக்குக்குப் போனால் மருத்துவரே மருந்தையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார். சட்டம் அதை அனுமதிக்கிறது. அதனால் மருந்துச் சீட்டு என்ற ஒன்றையே பார்க்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். மாதாமாதம் ஒரே மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் சீட்டு எழுதி வாங்கலாம். அதை வைத்து இரண்டு மூன்று மருந்தகங்களில் விலை விசாரித்து வாங்கலாம். "விலை அதிகம், அதனால்தான் இணையத்தில் வாங்கினேன்" என்று எழுதிய ஐயா ஒருவருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அரசாங்க மருத்துவமனை நோயாளிகளுக்கு அடுத்த மாத மருந்தை அஞ்சலில் அனுப்பும் 'உபாட் மெலாலுய் போஸ்' சேவையும் இருக்கிறது. அஞ்சலில் மருந்து வருவது குற்றமல்ல என்பதற்கு அரசாங்கமே சாட்சி! அனுப்பி வைப்பவர் யார், அவருக்கு முன்னால் உங்கள் சீட்டும் கோப்பும் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

"ஊரிலிருந்து வரவழைக்கிறேன், அது அசல் சித்த மருந்து" என்பது அடுத்த வாதம். சென்னையிலோ கேரளத்திலோ உரிமம் பெற்றுத் தயாரான லேகியமாக இருக்கலாம். குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பெற்ற உரிம எண் இங்கே செல்லாது. இங்கே விற்க வேண்டும் என்றால் 'டி' என்று வரும் நம் நாட்டுப் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்காகத்தான் ஈயம், ஆர்செனிக், பாதரசம் போன்ற உலோகங்களின் அளவைச் சோதிக்கிறார்கள். பத்து டப்பா வரவழைத்து இரண்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டு எட்டைப் புலனத்தில் விற்பவர், தான் ஓர் இறக்குமதியாளர் ஆகிவிட்டதை உணர்வதில்லை.

வாயால் சொன்னாலும் விளம்பரமே

மூன்றாவது, என்ன சொல்லி விற்கிறாய்? பதிவு பெற்ற நல்ல பொருளை விற்பவர்கள்கூட மாட்டிக்கொள்ளும் இடம் இது.

1956-ஆம் ஆண்டுச் சட்டம் 'விளம்பரம்' என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்தபோது, தொலைக்காட்சியில் வேலை செய்யும் எனக்கே சிரிப்பு வந்தது. சுற்றறிக்கை, துண்டுப்பிரசுரம், லேபிள், உறை என்று அடுக்கிக்கொண்டே வந்து, வாயால் சொல்லும் அறிவிப்பும், ஒளியாலோ ஒலியாலோ பரப்பப்படும் அறிவிப்பும் விளம்பரம்தான் என்று முடிக்கிறது. தொலைக்காட்சியே இந்த நாட்டுக்கு வராத காலம் அது. அன்றைக்கு எழுதியவர்கள் டிக்டாக் நேரலையைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் அவர்கள் போட்ட வலை இன்றைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அந்தச் சட்டம் சில நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா, வலிப்பு, பக்கவாதம், மலட்டுத்தன்மை, ஆண்மைக் குறைவு எல்லாம் அதில் உண்டு. நம் ஆட்கள் புலனத்தில் எந்த நோய்களுக்கு மருந்து விற்கிறார்களோ அந்த நோய்களை அப்படியே எழுதிவைத்தது போல இருக்கிறது பட்டியல்! மற்ற மருந்து விளம்பரங்களுக்கும் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் கே.கே.எல்.ஐ.யூ. என்று தொடங்கும் எண் தருவார்கள், அது விளம்பரத்தில் தெரிய வேண்டும். மீறினால் முதல் முறை 3,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும்.

"எங்க அத்தைக்கு இனிப்பு நீர் 18-லிருந்து 6-க்கு இறங்கிடுச்சு" என்று நேரலையில் ஒருவர் சொல்கிறார். அது அவர் சொந்த அனுபவமாகவே இருக்கலாம். பக்கத்தில் விலையும் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தால் அது அனுபவப் பகிர்வு என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசிய ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். முழங்கால் வலிக்கு "நூறு சதவீதம் மூலிகை" என்ற கேப்சூலை நாலு மாதம் சாப்பிட்டிருக்கிறார். வலி போனது, பசி கூடியது, முகம் வட்டமாக உப்பியது. "உடம்பு தேறிட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க, ஐயா" என்றார். சரக்கு தீர்ந்ததும் விற்றவர் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விட்டார். மருந்து நின்ற சில நாட்களில் அம்மா எழுந்திருக்க முடியாத அசதியில் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

அவர் டப்பாவில் என்ன இருந்தது என்று நான் சோதிக்கவில்லை. ஆனால் இந்த அறிகுறிகள் மருத்துவர்களுக்கு மிகவும் பழக்கமானவை. மூட்டுவலிக்கு மூலிகை என்று விற்கப்படும் பதிவில்லாத பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு உள்ளே போனால் உடல் தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இப்படிப்பட்ட ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பயத்தில் குப்பையில் வீசிவிடாதீர்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

இளைக்க வைக்கும் காப்பித் தூளுக்கும் இதே கதை. சிபுட்ராமின் என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. ஆனாலும் அது இளைக்கும் காப்பிகளிலும் ஜூஸ்களிலும் ஒளிந்துகொண்டு இன்றும் வருகிறது. "இது உணவுதானே, எம்.ஏ.எல். எண் தேவையில்லை" என்பார்கள். உள்ளே மருந்து இருந்தால் அது உணவல்ல, பதிவில்லாத மருந்து. இப்போதைய மோகம் எடை குறைக்கும் ஊசிகள். 2023-இல் பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஒசெம்பிக் ஊசிகள் பிடிபட்டதைச் சுட்டிக்காட்டி 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. அசலாகவே இருந்தாலும், பயன்படுத்தும் முன் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய ஊசி அது. நம் ஊர் மத்தியான வெயிலில் கூரியர் வேனுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அமலாக்கத்துக்கு வருவோம். 2008-இல் இன்டர்போல் தொடங்கிய 'பங்கேயா' நடவடிக்கையில் பல நாடுகள் சேர்ந்து இணைய மருந்து விற்பனையை வேட்டையாடுகின்றன. மலேசியாவும் அதில் பங்கெடுக்கிறது. மற்ற நாட்களிலும் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவு இணையச் சந்தைகளைக் கண்காணித்து விற்பனைப் பக்கங்களை நீக்கச் சொல்கிறது. தேவைப்பட்டால் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் வழியாக இணையத்தளத்தை முடக்கவும் செய்கிறது. ஒரு பக்கம் நீக்கப்பட்டால் மறுநாள் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது என்பதும் உண்மை. சரக்கு யாருடைய வீட்டில் இருக்கிறதோ அவரைத்தான் கடைசியில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் அது மேலே இருக்கும் 'கம்பெனி' ஆளாக இருப்பதில்லை, அவரிடம் வாங்கி விற்கும் அக்காவோ தம்பியோதான்.

ஏற்கெனவே சரக்கு எடுத்து வைத்துவிட்டவர்கள் செய்ய வேண்டியதைக் கேட்டிருந்தார்கள். முதலில் விற்பனைப் பதிவுகளை நிறுத்துங்கள். எண்ணைச் சரிபாருங்கள். பொருள் பதிவில் இல்லையென்றால் "போட்ட முதலையாவது எடுத்துவிடலாம்" என்று மிச்சத்தைத் தள்ளிவிட நினைக்க வேண்டாம், கையில் வைத்திருப்பதே குற்றம் என்று மேலே சொன்னேன். உங்கள் மாநில மருந்தக அமலாக்கப் பிரிவைத் தொடர்புகொண்டு என்ன செய்வது என்று கேளுங்கள். வாங்கியவர்கள் புகார் செய்வதாக இருந்தால் பொருளின் டப்பா, மிச்சமிருக்கும் மாத்திரைகள், கூரியர் உறை, பணம் செலுத்திய ரசீது, விற்றவரோடு பேசிய உரையாடலின் திரைப்படம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். விற்றவரின் பக்கம் மறைந்து போவதற்குள் அதன் முகவரியையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் இணையத்தளம் வழியாகவே புகாரைப் பதிவு செய்யலாம். காப்சூல் சாப்பிட்ட அந்த அம்மாவிடம் டப்பா இன்னும் இருக்கிறது. அவர் மகள் அதை மாநில அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.